மூடி மேல காலை வை

எனக்கு அந்த அக்காவைக் கண்டா பயம். பேச்சுக்குச் சொல்லல, நெசமாவே பயம். தூரத்துல அது வர்றது தெரிஞ்சா போதும், குடத்துல இருக்கிற தண்ணியைக் கொட்டிட்டு, தண்ணி புடிக்கப் போறவ மாதிரி வேற பக்கம் நடந்துடுவேன். இத்தினிக்கும் அது என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினது கெடையாது. எதிர்ல பாத்தா "சாப்டியாமே?"னு கேக்கும், அவ்ளோதான். ஆனா கேக்கறப்பவே அதோட கண்ணு என் மூஞ்சியைத் தாண்டி, எனக்குப் பின்னால இன்னா இருக்குதுனு பாக்கும். செவுரா, வேலியா, வேற ஆளானு. அந்தப் பார்வைதான் எனக்கு ஆவாது.

நான் ஆரம்பாக்கத்துலேர்ந்து வாக்கப்பட்டு வந்தவ. ரோட்டுல லாரி ஓடுற சத்தம் கேட்டே வளந்தவ. இங்க பசியாவரத்துக்கு அந்தாண்ட, ஏரிக்கு நடுவுல தீவு, சுத்தியும் தண்ணி. ஒரு தீப்பெட்டி வாங்கணும்னாலும் படகு ஏறணும். வந்த மூணாவது நாளு, விடிஞ்சதும் எங்க வூட்டுக்காரருக்கு சோத்துத் தூக்கு எடுத்துகினு துறைக்குப் போறேன். அங்க ஒரு பொம்பள, பொடவை மேல ஆம்பளைச் சட்டை போட்டுகினு, தரையில குந்திகினு இருக்குது. முன்னால ஐஸ் பெட்டியோட தெர்மாகோல் மூடி, வெள்ளை வெளேர்னு. அதும் மேல ஒரு ஆளு வெறுங்காலை வச்சுகினு நிக்கிறாரு. அந்தப் பொம்பள போனை காலுக்கு ஒரு ஜாண் கிட்டக்க கொண்டு போயி, மூச்சை அடக்கிகினு படம் எடுக்குது. "இந்தக் காலு ஆச்சு. அந்தக் காலை வை நைனா"னு சொல்லுது.

எனக்கு சாவு வூட்ல காலைச் சேத்து வச்சு கட்டை வெரலைக் கட்டுவாங்களே, அதுதான் ஞாபகம் வந்துச்சு.

"இன்னாய்யா இது கண்றாவி?"னு எங்க வூட்டுக்காரரைக் கேட்டேன்.

"அத்த வுடு. அக்கா அப்படித்தான். நின்னு காட்டிட்டுப் போனா ரெண்டு நிமிசம். மாட்டேன்னா படகுல ஏறிக் குந்திக்கும், எறங்காது"னாரு. அவரும் வரிசையில நின்னாரு. கல்யாண மஞ்சள் கூட கலையாத காலு, அந்த வெள்ளை மூடி மேல. நான் வேற பக்கம் பாத்துகினேன்.

ஏரியில எறங்கி கையால தடவி எறா புடிக்கிறதுதான் அதோட பொழப்பு. நாள் பூரா தண்ணியில ஊறி வெரல் நுனியெல்லாம் வெளுத்து, சிப்பி கிழிச்ச கோடு கோடா இருக்கும். சட்டைப் பையில போனு, அதைச் சுத்தி பிளாஸ்டிக் கவரு, கவருக்கு மேல ரப்பர் பேண்டு. எண்ணூர்ல கட்டிக் குடுத்த பொண்ணு, தான் வச்சிருந்ததைக் குடுத்ததாம். கண்ணாடியில மேலேர்ந்து கீழ வரைக்கும் விரிசல். அந்த வெரலை வச்சுகினு, அந்த விரிசல் போனை வச்சுகினு, அக்கா எடுக்கற படம் இருக்கே, அத்த மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். கடைத்தெருவுல காசு வாங்கிகினு எடுக்கறவன் கூட அப்படி எடுக்க மாட்டான்.

ஏரியைப் பின்னால வச்சு எடுக்கவே எடுக்காது. "தண்ணி மினுக்குதுடா, மூஞ்சி கறுத்துடும்"னு சொல்லும். வலை காயப் போடுற கம்பத்துல ஒரு நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டும். ஆளை அதுக்கு முன்னால நிறுத்தும். "ஒட்டி நிக்காத. உன் நெழலு உன் மேலயே ஏறுது பாரு. ரெண்டு அடி முன்னால வா." தலை முண்டாசைக் கழட்டச் சொல்லும். கழுத்துல துண்டு இருந்தா உருவிடும். அப்புறம் அந்தத் தெர்மாகோல் மூடியை ஒரு ஆளு நெஞ்சுக்குக் கீழ சாய்ச்சுப் புடிக்கணும். வெயிலு அதுல பட்டு மூஞ்சியில ஏறும். கன்னத்துல இருக்கிற மச்சம் வரைக்கும் தெரியும். எல்லாம் சரியாச்சுனா ஒரு அடி கிட்டக்கப் போயி, "பாக்கறவன் கண்ணு நேரா உன் மேல வந்து குந்தணும் நைனா, வேற எங்கயும் போவக் கூடாது"னு சொல்லிகினே எடுக்கும்.

மூஞ்சி, காது ரெண்டு பக்கம், கை. கடைசியா காலு.

கல்யாணம் காட்சினு போனா இதோட தொல்லை தாங்காது. மேடையில சொந்தக்காரங்க இருவது பேரு நெருக்கியடிச்சு நிப்பாங்க. போட்டோக்காரரு "ரெடி"னு சொல்றப்ப, பந்தி பக்கத்துலேர்ந்து அக்கா கத்தும்: "யோவ், அவன் தோளு இவன் மூஞ்ச மறைக்குதுய்யா! தள்ளி நில்லுங்கடா, கலந்துடாதீங்க!" எல்லாரும் சிரிப்பாங்க. அக்கா சிரிக்காது. அந்த நேரத்துல அதோட மூஞ்சியைப் பாத்தா, நெசமாவே யாரோ தண்ணியில போறதைப் பாக்கற மாதிரி இருக்கும்.

அதுக்கு சந்தோசமா நின்னவன் ஊர்லயே ஒருத்தன்தான். எங்க கொழுந்தன். எங்க வூட்டுக்காரருக்கு நேர் தம்பி, இன்னும் கல்யாணம் ஆவல. அண்ணன் எவ்ளோ கம்முனு இருப்பாரோ, இவன் அவ்ளோ வாயாடி. கூலிங் கிளாஸ் போட்டுகினு போயி தார்ப்பாய் முன்னால நிப்பான். "அக்கா, இப்படித் திரும்பட்டா? பொண்ணு வூட்டுக்கு அனுப்பறதுக்கு ஒண்ணு எடு"ம்பான். காலு எடுக்கறப்ப, "அக்கா, கொஞ்சம் இரு, அண்ணிகிட்ட நெயில் பாலிஷ் வாங்கி போட்டுகினு வந்துடறேன்"னு ஒரு நாளு சொன்னான். அன்னிக்கு மட்டும் அக்கா சிரிச்சுச்சு. நான் பாத்தேன். பல்லு வரிசை அவ்ளோ அழகு.

அப்புறம்தான் அந்தப் பாம்பு விசயம் நடந்துச்சு. அக்கா படம் எடுத்த மறு வாரம், ஒரு பெரியவரு வேலியோரம் போனவரு பாம்பு கடிச்சு போயிட்டாரு. பாம்புக்கும் போனுக்கும் இன்னா சம்பந்தம்? ஒண்ணும் இல்ல. ஆனா கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அக்கா எடுத்த படத்தைத்தான் வாங்கிப் போட்டாங்க. துறையில அந்த மூஞ்சி ஆளுயரத்துக்கு நின்னு, போற வர்றவங்களை எல்லாம் பாத்துச்சு. பொம்பளைங்க ஒருத்தி காதுல ஒருத்தி கிசுகிசுத்தாங்க. அது ஆளைப் படம் எடுக்கல, சாவுக்கு ஆளைப் பொறுக்கி எடுக்குதுனு. கேட்ட அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல.

மறு நாளே அதோட வூட்டுக்குப் போயிட்டேன். எறாவுக்கு ஓடு உரிச்சுகினு இருந்துச்சு.

"அக்கா, எங்க வூட்டுக்காரரு படம் உன்கிட்ட எத்தினி இருக்குது?"

"எட்டு, ஒம்போது இருக்கும். ஏம்மே?"

"அத்தனையும் அழி. இப்பவே, என் கண்ணு முன்னாலயே அழி. இனிமே அவரு மேல போனை நீட்டினா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்."

நான் கத்தறதுக்கு ரெடியாத்தான் போனேன். எனக்கு வாயி ஜாஸ்தி, எங்க அம்மாவே சொல்லும். அக்கா கையைப் பொடவையில தொடைச்சுட்டு, போனை எடுத்து, ஒண்ணொண்ணா காட்டி அழிச்சுச்சு. கடைசியா எங்க வூட்டுக்காரரு காலு வந்துச்சு. வெள்ளையில கறுத்த காலு, தனியா. நான் சரியாக் கூட பாக்கல. "இதுந்தான், இதுந்தான்"னு அவசரப்படுத்தினேன். அதையும் அழிச்சுட்டு, "அழிச்சதெல்லாம் உள்ள ஒரு குப்பைத் தொட்டியில போயி கெடக்குமே. அதையும் கொட்டிட்டேன் பாரு"னு தொறந்து காட்டுச்சு. அவ்ளோ நேர்மை.

நான் வாசலைத் தாண்டறப்ப பின்னாலேர்ந்து சொல்லுச்சு: "நீயாவது பாத்து வச்சுக்கோமே."

"எத்த?"

"காலை."

"போக்கா அந்தாண்ட, லூசு மாதிரி பேசிகினு"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அதுக்கு ஏன் அந்தக் கிறுக்குனு எனக்குத் தெரிஞ்சது ரொம்ப நாள் கழிச்சு. வூட்ல கை நெருக்கடி, நானும் எறா புடிக்க எறங்கினேன். இடுப்பளவு தண்ணி. குனிஞ்சு, சேத்துல ரெண்டு கையையும் வச்சு அளைஞ்சுகினே நகரணும். பேச்சுத் தொணைக்கு ஆளு இல்ல, அக்கா மட்டும்தான் பக்கத்துல. திடீர்னு, யாரு வூட்டு கதையோ சொல்ற மாதிரி ஆரம்பிச்சுச்சு. கை பாட்டுக்கு தண்ணிக்குள்ள வேலை செஞ்சுகினே இருந்துச்சு.

"எங்க வூட்டுக்காரரு தண்ணியில காணாம போன அன்னிக்கு போலீசுல போட்டோ கேட்டாங்கமே. ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. கோயில் திருவிழாவுல எடுத்தது. இருவத்தி ரெண்டு பேரு நிக்கிறாங்க. இவரு பின்னால. முன்னால நிக்கிறவன் தோளு இவரு பாதி மூஞ்ச தின்னுடுச்சு. அதுல பேனாவால வட்டம் போட்டுகினு போனாங்க. நாலு நாளு கழிச்சு கூப்ட்டு ஒரு ஒடம்பைக் காட்டினாங்க. மூஞ்சினு ஒண்ணு இல்லமே. மீனு... சரி வுடு. கட்டம் போட்ட லுங்கி. 'இந்தாளுதானாம்மா?'னாங்க. நம்மூர்ல எல்லாரும் ஒரே கடையிலதான லுங்கி வாங்கறோம்? சுத்தியும் ஆளுங்க மூக்கைப் புடிச்சுகினு நிக்கிறாங்க. சீக்கிரம் சொல்லும்மா, சீக்கிரம் சொல்லும்மாங்கறாங்க. ஆமானு சொல்லிட்டேன்."

நான் குனிஞ்சவ குனிஞ்சபடியே நின்னுட்டேன்.

"கொண்டாந்து எல்லாம் செஞ்சு முடிச்சு, பால் ஊத்தற அன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு. இவருக்கு எடது கால்ல சுண்டு வெரலு மடங்கி இருக்கும். சின்ன வயசுல நங்கூரம் விழுந்தது. நான் காலைப் பாக்கவே இல்லமே. துணி போட்டு மூடியிருந்துச்சு. ஒரு கையால தூக்கிப் பாத்திருக்கலாம். பாக்கல."

ஒரு எறாவைப் புடிச்சு இடுப்புக் கூடையில போட்டுச்சு.

"வருசா வருசம் தெவசம் குடுக்கறேன். யாருக்குக் குடுக்கறேன்னு எனக்குத் தெரியாது. எந்தப் பொம்பளையோ, புருசன் இன்னும் வருவான்னு ஒக்காந்திருக்காளோ இன்னாவோ. அவ வூட்டு ஆளை நான் எரிச்சுட்டேனோ இன்னாவோ."

அன்னிக்கு நான் ஒண்ணு சொல்லியிருக்கணும். "அக்கா, நாளைக்கு எங்க வூட்டுக்காரரை வரச் சொல்றேன், மறுபடி எடுத்து வை"னு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அழிக்கச் சொன்னவ நான், நானே போயி கேக்கறதானு ஒரு வீம்பு. அந்த வீம்பைத்தான் இன்னிக்கு வரைக்கும் செருப்பால அடிச்சுகினு இருக்கேன்.

மாமியாவுக்கு ஒடம்புக்கு ரொம்ப முடியாம போயி தேறி வந்துச்சு. அதுக்கு வேண்டிகினு, திருவிழாவுல அண்ணனும் தம்பியும் மொட்டை போட்டாங்க. அந்த வருசம் ஊர்ல ஆம்பளைங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி மஞ்சக் கலர் டீ-சர்ட்டு, முன்னால அம்மன் பேரு, முதுகுல ஊர் பேரு. அக்கா துறையில நின்னு அந்த மஞ்சக் கும்பலைப் பாத்துச்சு. "யாருடா இந்த ரோசனை சொன்னது? எவன் எவன்னு எப்படிடா பிரிக்கறது?"னு கேட்டுச்சு.  கொழுந்தன் மொட்டைத் தலையைத் தடவிகினே, "அக்கா, நான் மட்டும் தனியா தெரிவேன், கவலைப்படாத"ன்னான். போயி தார்ப்பாய் முன்னால நின்னான். மூடி மேல கால் வச்சான். எங்க வூட்டுக்காரரு என்னை ஒரு பார்வை பாத்துட்டு, படகுல போயி ஏறிகினாரு.

எங்க ஊர்ல வலை போட பாடு உண்டு. ஏரியில எந்த எடத்துல எந்த நாளு யாரு வலை போடணும்னு சீட்டுப் போட்டு முறை வச்சிருப்பாங்க. நல்ல எடத்துப் பாடு சுத்தி வர்றதுக்கு நாளாவும். உன் நாள்ல நீ போவலைனா அது போனது போனதுதான், மறுபடி உன் முறை வர்ற வரைக்கும் கையைப் பெசஞ்சுகினு குந்திகினு இருக்கணும். திருவிழா முடிஞ்ச ரெண்டாவது வாரம், ஏரி கடல்ல சேர்ற முகத்துவாரத்துகிட்ட எங்க பாடு வந்துச்சு. காலையிலேர்ந்தே தெக்கால இருட்டிகினு இருந்துச்சு. "இன்னிக்கு வேணாம்யா"னு சொன்னேன். "பாடுமே இது"னாரு.  அண்ணனும் தம்பியும் அந்த மஞ்ச டீ-சர்ட்டையே மாட்டிகினு கெளம்பிட்டாங்க.

மத்தியானம் அடிச்சுச்சு பாரு ஒரு காத்து. தார்ப்பாய் கம்பத்தோட பிச்சுகினு போச்சு. சாயங்காலத்துக்குள்ள எல்லா படகும் வந்துச்சு. எங்க படகு மட்டும் வரல. தண்ணி வத்தற நேரம் வேற, முகத்துவாரத்துல கவுந்திருந்தா நேரா கடலுக்கு இழுத்துகினு போயிருக்கும்னு ஆம்பளைங்க பேசிகினாங்க. நான் அன்னிக்கு ராத்திரி இன்னா செஞ்சேன்னு எனக்கு ஞாபகம் இல்ல.

மூணாவது நாளு ஏட்டு படகுல வந்து எறங்கினாரு. கையில போனு. ஆந்திரா பக்கம் ஒரு படகுக்காரங்க, கேனைப் புடிச்சுகினு மெதந்த ரெண்டு பேரைத் தூக்கியிருக்காங்க. ஆசுபத்திரியில சேத்திருக்காங்க. ஒருத்தரு உசுரோட. ஒருத்தரு இல்ல.

ரெண்டு படம் அனுப்பியிருந்தாங்க. நின்ன வாக்குல மேலேர்ந்து எடுத்தது, இருட்டடிச்சுகினு. ஒண்ணுல மூஞ்சி பூரா கட்டு, வாயில குழாய். இன்னொண்ணு உப்புத் தண்ணியிலயும் வெயில்லயும் ஊதிப் போயி... ரெண்டுமே மொட்டை. ரெண்டுமே மஞ்ச டீ-சர்ட்டு. பெத்தவ பாத்தா தெரியாதாங்கறியா? மாமியா ஒரு தரம் பாத்துட்டு கண்ணை மூடிகிச்சு. நான் பத்து தரம் பாத்தேன். எனக்குத் தெரியல.

ஏட்டு பாவம், அவரும் இன்னா செய்வாரு. திருவிழா குரூப் போட்டோ ஒண்ணை வச்சு மாத்தி மாத்திப் பாத்தாரு. "உசுரோட இருக்கிறவரை நெல்லூருக்கு மாத்தணும்மா, பேரு கேக்கறாங்க"னாரு. அப்புறம் தயங்கித் தயங்கி, "நெத்தியைப் பாத்தா... தவறினது மூத்தவருனுதாம்மா தோணுது"னாரு.

பொம்பளைங்க அழ ஆரம்பிச்சுட்டாங்க. யாரோ ஒருத்தி என்னைக் கட்டிப் புடிச்சு, என் வளையல் கையை இறுக்கிப் புடிச்சா.  அப்பதான் அந்தக் குரலு கேட்டுச்சு.

"நிறுத்துங்கடி! பாக்காம ஒருத்தியும் அழக் கூடாது."

அக்கா எறா புடிச்சுகினு இருந்த எடத்துலேர்ந்து அப்படியே வந்திருந்துச்சு. சட்டை, பொடவை எல்லாம் சொட்டச் சொட்ட.

"ஏட்டய்யா, காலை எடுத்து அனுப்பச் சொல்லுங்க. தவறினவரு காலை."

அவரு போன் பண்ணி சொன்னாரு. அதுக்குள்ள அக்கா என்கிட்ட வந்து, மெதுவா, யாருக்கும் கேக்காத மாதிரி கேட்டுச்சு: "மே, உன் வூட்டுக்காரரு கால்ல இன்னா அடையாளம்?"

  நாலு வருசம் அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்கேன். முள்ளு எடுத்து வுட்டிருக்கேன். வெரலு எப்படி, நகம் எப்படி, ஒண்ணுமே கண்ணுல வரல. சிப்பி கிழிச்ச தழும்பு இருக்குதுன்னேன். அது ஊர்ல யாரு கால்லதான் இல்ல? அக்கா "சரி, சரி"னு என் தோளைத் தட்டுச்சு. அழிக்கச் சொன்னியேனு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேக்கல.

படம் வந்துச்சு. கறுப்பு ரெக்ஸின் மேல கறுத்த காலு. இருட்டுல இருட்டு. ஒண்ணும் தெரியல. அக்கா ஏட்டு கையிலேர்ந்து போனை வாங்கி, தானே படம் எடுத்த ஆசுபத்திரிப் பையனைக் கூப்ட்டுச்சு. ஸ்பீக்கர்ல போட்டுச்சு. எங்க பக்கத்துல எல்லாருக்கும் கொஞ்சம் தெலுங்கு வரும்.

"நைனா, ஆயன காள்ள கிந்த தெல்ல குட்ட வெய்யி." கீழ வெள்ளைத் துணி போடுனு சொல்லுச்சு. "தூரம் வத்து, தக்கரகா திய்யி." கிட்டக்க போயி எடுன்னுச்சு. ஜன்னல் இருந்தா அந்தப் பக்கம் கட்டிலைத் திருப்பு. வெரலைத் தொடைச்சுட்டு எடு. கை ஆடக் கூடாது, மூச்சை அடக்கு. நம்ம துறையில ஆம்பளைங்களை நிறுத்தி வச்சு சொல்லுமே, அதே குரலு. ஒரு நடுக்கம் இல்ல. அந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பையன் "சரே அம்மா, சரே அம்மா"னு சொல்லிகினே இருந்தான்.

அப்புறம் காத்திருந்தோம். அக்கா ஒரு கையில ஏட்டு போனு, இன்னொரு கையில தன்னோட விரிசல் போனு. அதுல கொழுந்தன் காலை எடுத்து வச்சிருந்துச்சு. எங்க வூட்டுக்காரரு காலு எந்த போன்லயும் இல்ல.

நான் சொல்றதைச் சொல்லிடறேன். அந்த நேரத்துல நான் அம்மனைக் கும்பிட்டேன். ரெண்டு பேரையும் காப்பாத்துனு இல்ல. அதுக்கு நேரம் தாண்டிப் போச்சு. அது அவன் காலா இருக்கட்டும் தாயேனு கும்பிட்டேன். நெயில் பாலிஷ் கேட்டவன். "அண்ணி, எனக்கு ஒரு கரண்டி கொழம்பு"னு தட்டை நீட்டறவன். அவனா இருக்கட்டும்னு கும்பிட்டேன். மாமியா ரெண்டு முழம் தள்ளி தரையில குந்திகினு இருந்துச்சு.

போனு டிங்குனு சொல்லுச்சு.

ஊரே கழுத்தை நீட்டிகினு அந்த ரெண்டு போனைத்தான் பாத்துச்சு. வெள்ளைத் துணி மேல தெளிவா ஒரு காலு. ரெண்டாவது வெரலு கட்டை வெரல் மேல ஏறிகினு, சுண்டு வெரல்ல நகம் இல்லாம. இன்னொண்ணுல வெள்ளை மூடி மேல அதே காலு. ரெண்டாவது வெரலு ஏறிகினு. நகம் இல்லாம.

"சின்னவன்"னு சொல்லுச்சு அக்கா.

சொன்னதும் அது போனைப் பாக்கல. மாமியாவைப் பாக்கல. அத்தனை பேருக்கு நடுவுல நேரா என் மூஞ்சியைப் பாத்துச்சு.

சொல்லவே நாக்கு கூசுது. என் ஒதடு விரிஞ்சிருந்துச்சு. நானா செய்யல, தானா விரிஞ்சிடுச்சு. சிரிச்சுகினு இருந்தேன். பல்லு தெரிய.

ரெண்டு போனையும் ஏட்டு கையில திணிச்சுட்டு, அக்கா ஒரே எட்டுல வந்து, என் பிடரியைப் புடிச்சு, என் மூஞ்சியை அதோட ஈரச் சட்டையில அழுத்திகிச்சு. எறா கவுச்சி, சேத்து வாசனை. மூச்சு முட்டுச்சு. "குனி"னு காதுல சொல்லுச்சு. "தலையைத் தூக்காத. நான் சொல்ற வரைக்கும் தூக்காத." பின்னால மாமியா போட்ட சத்தம் கேட்டுச்சு. அதைக் கேட்ட பெறகுதான் எனக்கு அழுகை வந்துச்சு. அழுகை மூஞ்சிக்கு வந்து சேர்ற வரைக்கும் அக்கா கையை எடுக்கல.

கொழுந்தன் பேனருக்கு அக்கா எடுத்த படம்தான். நீலத் தார்ப்பாய் முன்னால, கூலிங் கிளாஸோட. துறையில கட்டியிருந்தோம். படகுல வர்றப்ப தூரத்துலேர்ந்தே கண்ணு நேரா அவன் மேலதான் போயி குந்தும். நான் தரையைப் பாத்துகினே எறங்குவேன்.

எங்க வூட்டுக்காரரு நாலு மாசம் கழிச்சு வூட்டுக்கு வந்தாரு. காலை இழுத்துத்தான் நடக்கறாரு. இப்போ மறுபடி பாடுக்குப் போறாரு. போறதுக்கு முன்னால நான் தரையில குந்திகினு, மூடியைப் போட்டு, "காலை வைய்யா"ங்கறேன். அவரு வைக்கறாரு. என் கை ஆடும். பாதிப் படம் கலங்கித்தான் வரும். எடுக்கறப்பவும் பயம், எடுக்காட்டியும் பயம். அந்தப் பயத்துக்கு மருந்து இல்லனு அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கும்.

அக்கா இப்போ இங்க இல்ல. கண்ணு மங்கிப் போச்சுனு பொண்ணு வந்து எண்ணூருக்கு இட்டுகினு போயிடுச்சு. கெளம்பற அன்னிக்குப் போயிருந்தேன். நான் கேக்காம இருந்திருக்கலாம். ஆனா அது போயிட்டா, அப்புறம் யாருகிட்ட கேக்கறது?

"அக்கா, அன்னிக்கு நீ என் மூஞ்சியைப் பாத்த இல்ல?"

பையில துணியை அடுக்கிகினு இருந்தது, நிமிரல.

"எந்த மூஞ்சி? வெளிச்சமே இல்லமே அன்னிக்கு. எனக்கு ஒண்ணும் தெரியல."

"சரிக்கா"னு சொல்லிட்டு வந்துட்டேன். ஏட்டு வந்தது பட்டப்பகலு. தலைக்கு நேரா வெயிலு.